ஞாயிறு ஆய்ந்த காய் வெள்ளி வரை

ஞாயிறு காலை மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் பை நிறைய வாங்கி, மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கியாகிவிட்டது. புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் திறந்தால் பீன்ஸ் கொழகொழவென்று இருக்கிறது, கோஸ் ஓரம் கறுத்திருக்கிறது, வெண்டைக்காய் நூல் விடுகிறது. ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் ஃபிரிட்ஜில் ஒரு குறையும் இருக்காது. ஆய்வதோடு நிறுத்தியிருக்க வேண்டிய காயை நறுக்கி வைத்ததுதான் கோளாறு.

ஆய்வது என்றால் காம்பு கிள்ளுவது, நார் எடுப்பது, அழுகல் இலையைக் களைவது, தோல் உரிப்பது. இவ்வளவும் செய்த பிறகும் காயின் உடம்பு முழுசாகத்தான் இருக்கும். நறுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் அறைகள் கிழிந்து சாறு வெளியே வரும். பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டுப்பட்டால் அந்த மூச்சு வேகமாகி, சீக்கிரம் சோர்ந்து போகிறது. வெட்டிய முகத்தில் கசியும் சாறு கிருமிக்கும் பூஞ்சைக்கும் நல்ல தீனி.

காலை நேரத்தை விழுங்குவது எது என்று பாருங்கள். பீன்ஸில் நார் எடுப்பது, கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, வாழைப்பூவில் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுப்பது. நாலு பேருக்கான 300 கிராம் பீன்ஸை நல்ல கத்தியால் நறுக்க ஐந்து நிமிடம் போதும். ஆகவே ஆய்கிற வேலையை ஞாயிறன்றே முடித்துவிடுங்கள். நறுக்குவதை முந்தின இரவுக்கோ அன்று காலைக்கோ தள்ளுங்கள். அப்படியும் முன்கூட்டியே நறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்து நறுக்க வேண்டும்.

ஈரம்

காய்க்குள் இருக்கும் நீர் வெளியே போகக் கூடாது. வெளியே இருக்கும் நீர் காய் மேல் நிற்கக் கூடாது. முதலாவது தவறினால் காய் வாடும், இரண்டாவது தவறினால் அழுகும். வாடிய கேரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மீட்கலாம். அழுகியதை மீட்க வழியில்லை. சந்தேகம் வந்தால் காய்ந்த பக்கமே சாயுங்கள்.

மும்பையில் இது சொல்வதுபோல் சுலபமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே தண்ணீர் நிற்கும். கழுவிய கொத்தமல்லியைப் பேப்பரில் பரப்பினால் இரண்டு மணி நேரம் கழித்தும் ஈரமாகவே கிடக்கும். அந்த மாதங்களில் இலை வகை எதையும் கழுவி வைக்காதீர்கள். மண்ணை உதறி, ஆய்ந்து, அப்படியே வைத்து, சமைக்கும்போது மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். மற்ற மாதங்களில் கழுவித்தான் வைப்போம் என்றால் பழைய மெல்லிய வேட்டித் துணி ஒன்று போதும். கழுவிய இலையை அதில் போட்டு, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, குளியலறையில் நின்று பத்துப் பதினைந்து சுற்று வேகமாகச் சுழற்றுங்கள். தண்ணீர் துணி வழியாகத் தெறித்துப் போய்விடும். பிறகு ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம். ஒரு இலையை எடுத்து டிஷ்யூவில் அழுத்திப் பார்த்தால் கறை விழக் கூடாது.

மற்ற காய்களை நறுக்குவதற்கு முன்புதான் கழுவ வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டு முகம் தண்ணீரைக் குடிக்கும், வைட்டமின் சி-யும் தண்ணீரோடு போகும். காலையில் வந்ததும் கழுவிப் பரப்பிவிட்டு, காபி, டிபன் எல்லாம் ஆன பிறகு ஆய உட்கார்ந்தால் அதற்குள் காய்ந்திருக்கும்.

டப்பா

டப்பா மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் விட்ட தண்ணீரும் அதில் உண்டு. நாமே அடைத்து வைத்த சூடான காற்றின் ஈரமும் அதில் சேரும். சமையலறையில் 31, 32 டிகிரி சூட்டில் கிடந்த காயை டப்பாவில் போட்டு உடனே மூடினால், ஃபிரிட்ஜுக்குள் குளிரும்போது அந்தக் காற்று மூடியில் பனித்துச் சொட்டும். அதனால் ஆய்ந்த காயை முதலில் தாம்பாளத்தில் பரப்பித் திறந்தபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். காய் குளிர்ந்த பிறகு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

டப்பாவின் அடியில் மடித்த பருத்தித் துணியோ டிஷ்யூவோ ஒன்று. அதன் மேல் முக்கால் அளவுக்குக் காய், அமுக்காமல். மேலே இன்னொரு துணி, பிறகு மூடி. மேல் துணியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மூடியிலிருந்து சொட்டுவதை வாங்கிக்கொள்வது அதுதான். இரண்டாம் நாள் துணியைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

ஒரு டப்பாவில் ஒரு வேளைக் காய் மட்டும் வையுங்கள். ஒரு கிலோ பீன்ஸைப் பெரிய டப்பாவில் போட்டுத் தினமும் கொஞ்சம் எடுத்தால், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றும் கை ஈரமும் உள்ளே போகும். எவர்சில்வர் டப்பா சீக்கிரம் குளிரும், வாசனையும் பிடிக்காது. வெங்காயம், பூண்டுக்குக் கண்ணாடி பாட்டில். காய்க்காரர் கட்டித்தந்த பிளாஸ்டிக் பையோடு அப்படியே உள்ளே தள்ளுவதைப் போல மோசமான வழி வேறு இல்லை. காற்றே புகாதபடி அமுக்கி அடைத்தாலும் கெடுதல்தான். மூச்சு முட்டிய காய் புளித்த வாடை அடிக்கும்.

எந்தத் தட்டில்

ஃபிரிட்ஜின் நடுத்தட்டு 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். முகப்பில் இருக்கும் 1 முதல் 5 வரையிலான எண் டிகிரி கிடையாது, வெறும் குளிர் அளவு. ஒரு டம்ளர் தண்ணீரில் சமையலறை வெப்பமானியைப் போட்டு ராத்திரி முழுக்க நடுத்தட்டில் வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, மழைக்கால ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டுதான் அதிகக் குளிர். அங்கே வெள்ளரி, வெண்டை, கத்திரி வைத்தால் குளிர் தாங்காமல் புள்ளி விழுந்து குழையும். நறுக்கிய காய்க்கு நடுத்தட்டு, முழுக் காய்க்கு அடியில் இருக்கும் காய்கறி டிரே. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் பின்சுவரில் குளிர்காற்று வரும் துவாரத்தை ஒட்டி டப்பா வைக்காதீர்கள். காய் உறைந்து, உருகும்போது தண்ணீராகிவிடும். டிரேயில் தள்ளுப் பொத்தான் இருந்தால் கீரைக்கும் கேரட்டுக்கும் மூடி வையுங்கள், பழத்துக்குத் திறந்து வையுங்கள்.

பழுத்த மாம்பழம், பப்பாளி, ஆப்பிள், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி மஞ்சளாகும், கேரட் கசக்கும். மே மாதம் ஹாபூஸ் மாம்பழப் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குத் தனி இடம் பாருங்கள். மீன், கறி வைக்கிற வீட்டில் அவை மூடிய பாத்திரத்தில், காய் டப்பாக்களுக்கு மேலே சொட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

காய்க்குக் காய்

பீன்ஸ், அவரை, கொத்தவரை: இரு முனையும் கிள்ளி, நார் எடுத்து, முழுசாக வைத்தால் ஐந்து நாள். நறுக்கினால் மூன்று நாள்.

கேரட்டைத் தோல் சீவி முழுசாக, லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றினால் ஒரு வாரம் இருக்கும். நறுக்கியது நாலு நாள். மேலே வெள்ளையாகப் படர்வது காய்ந்ததன் அடையாளம், பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் போய்விடும். வழவழப்பு வந்தால் தூக்கிப் போடுங்கள். பீட்ரூட் நறுக்கினால் மூன்று நாள், தனி டப்பா.

கோஸ் கழுவாமல் வைக்க வேண்டிய காய். பாதி வெட்டினால் நடுத்தண்டை எடுக்காதீர்கள், உரித்த வெளி இலை ஒன்றையே வெட்டு முகத்தில் ஒட்டிப் போர்த்தி வையுங்கள், ஐந்தாறு நாள் கறுக்காது. பொடியாக நறுக்கினால் இரண்டு நாள், மூன்று நாள். மழுங்கிய கத்தி கோஸை நசுக்கும்; நசுங்கிய ஓரம்தான் முதலில் கறுக்கும். காலிஃபிளவரைக் கையால் பூப்பூவாகப் பிரித்து உலர்வாக வைத்தால் நாலு நாள். புழுவுக்காக உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் வைப்பது சமைக்கிற அன்றைக்கு மட்டும்.

வெண்டைக்காயை ஒவ்வொன்றாகத் துடைத்து, முழுசாக வையுங்கள், மூன்று நாளுக்குள் சமையுங்கள். முந்தின இரவு நறுக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். கத்தியோ பலகையோ ஈரமாக இருந்தால் கூட நூல் விடும்.

கத்திரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு மூன்றையும் முன்கூட்டி நறுக்காதீர்கள். காற்றுப் பட்டால் கறுப்பது இவற்றின் இயல்பு. காலையில் நேரமே இல்லை என்றால் முந்தின இரவு நறுக்கித் தண்ணீரில் முழுக முழுக மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வாழைக்காய்க்கும் கத்திரிக்கும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் மோர். முழு உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, வறுவல் கருகும், தித்திக்கும். தோலோடு வேகவைத்து வைத்தால் மூன்று நாள் வரும். காலையில் உரித்துத் தாளித்தால் டிபன் டப்பாவுக்கு ஆயிற்று.

பூசணி, பரங்கியில் முதலில் அழுகுவது விதையும் அதைச் சுற்றியிருக்கும் சோறும்தான். வீட்டுக்கு வந்ததும் கரண்டியால் அதைச் சுரண்டிவிட்டு, தோலோடு, வெட்டு முகத்தை மட்டும் மூடி வைத்தால் நாலைந்து நாள். சுரை, பீர்க்கை, புடலை எல்லாம் தண்ணீர்க் காய். நறுக்கினால் ஒரு நாள்.

முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி உலர்வாக வைத்தால் ஐந்து நாள்.

சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் சட்டென்று உரியும். ஆனால் உரித்த பிறகு துணியில் பரப்பி ஒரு மணி நேரம் காய வைக்காமல் பாட்டிலில் போட்டால் மூன்றாம் நாளே வழவழப்பு. காய்ந்தது ஆறு நாள் நிற்கும். பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். உரித்த பூண்டு, உலர்வாக, ஒரு வாரம். உரித்த பூண்டையோ விழுதையோ எண்ணெயில் மூழ்க வைத்து வெளியில் மேடையில் வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் போட்டுலினம் என்ற நச்சுக் கிருமி வளரும், வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. ஃபிரிட்ஜில் நாலு நாள், அதற்கு மேல் தேவை என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.

பச்சை மிளகாய்க்குப் பூஞ்சை காம்பில்தான் தொடங்கும். காம்பைக் கிள்ளித் துடைத்து வைத்தால் இரண்டு வாரம். கறிவேப்பிலையை நிழலில் நன்றாக உலர்த்தி டப்பாவில் போட்டாலும் அப்படியே. கொத்தமல்லியில் ஒரு அழுகல் இலை இருந்தாலும் மூன்று நாளில் கட்டு முழுவதும் போய்விடும். ஒவ்வொரு தண்டாகப் பார்த்து ஆய்ந்து, துணியில் சுருட்டி வைத்தால் எட்டு நாள் குறையாமல் நிற்கும்.

கீரையும் வாழையும்

பாலக், மேத்தி (வெந்தயக்கீரை), லால் மாட் (சிவப்புக் கீரை), மார்க்கெட்டில் கிடைத்தால் முளைக்கீரை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. வாங்கிய அன்றே கட்டைப் பிரித்துவிட வேண்டும். வாழைநாரோ ரப்பரோ இறுக்கிய இடத்தில்தான் சூடு பிடித்து அழுகத் தொடங்கும். சாயங்கால லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் மேத்தி ஆய்ந்துகொண்டே வருகிறவர்கள் செய்வது சரியான வேலை. கழுவாத, உலர்ந்த இலை, துணிப் பையில் விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்படியே துணியில் சுருட்டி டிரேயில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பட்டாணி உரிப்பதும் ரயிலில் செய்யலாம். நறுக்குவது வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் நறுக்கி விற்கிற பாக்கெட் எப்போது நறுக்கியது என்று தெரியாது. வாங்கினால் அன்று இரவே கழுவி, நன்றாக வேகவைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் சேர்க்காதீர்கள்.

வாழைப்பூவுக்கு விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை பிடிக்காது. மடலைத் தூக்கி, பூச்சீப்பை எடுத்து, நுனியை உள்ளங்கையில் வைத்து இரண்டு தேய் தேய்த்தால் பூக்கள் விசிறி போல விரியும். ஒவ்வொரு பூவிலும் தீக்குச்சித் தலை போல விறைப்பாக நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடித் தாள் போல இருக்கும் சின்னச் செதிலையும் கிள்ளி எடுங்கள். இரண்டும் வேகாது, தொண்டையில் உறுத்தும். உள்ளே வெள்ளையான குருத்து வந்த பிறகு இந்த வேலை இல்லை. ஆய்ந்த பூவை நறுக்காமல் மோர்த்தண்ணீரில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேஜைக்கரண்டி புளித்த தயிர் கரைத்தால் போதும். புளிப்பு, கறுப்பதைத் தாமதப்படுத்தும். பூ மிதக்கும், அதனால் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். மேலே நிற்கிற பூதான் கறுக்கும். ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு ஐந்து நிமிடம் வேகவைத்து, வடித்துப் பிழிந்து வையுங்கள், இன்னும் இரண்டு நாள் வரும்.

வாழைத்தண்டை அவசரப்பட்டு நறுக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டை உரிக்காத தண்டு பேப்பரில் சுற்றி வைத்தால் ஐந்து நாள் இருக்கும். கறுத்த முனையை ஒரு விரல்கடை வெட்டி எறிந்தால் உள்ளே வெள்ளை. நறுக்குகிற அன்று வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போங்கள். நறுக்கியதை மோர்த்தண்ணீரில் இரண்டு நாள் வைக்கலாம், மறுநாள் தண்ணீரை மாற்ற வேண்டும்.

ஃப்ரீசர்

குளிர்காலத்தில் பட்டாணி மலிவாக வரும்போது மூன்று நாலு கிலோ உரித்து வைப்பவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டக் கூடாது: கொதிக்கிற தண்ணீரில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், உடனே எடுத்து ஐஸ் தண்ணீரில் அதே நேரம், பிறகு வடித்துத் துணியில் ஈரம் போகப் பரப்பல். காயைக் கெடுக்கும் நொதிகள் குளிரில் சாகாது, கொதிநீரில்தான் சாகும். பச்சையாக உறைய வைத்த பட்டாணி சில வாரங்களில் வைக்கோல் வாடை அடிப்பது இதனால்தான். தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்துப் பிறகு பையில் கொட்டினால் ஒரு கைப்பிடி எடுக்கக் கட்டியை உடைக்க வேண்டியிருக்காது. பீன்ஸுக்கு மூன்று நிமிடம், கேரட் துண்டுக்கும் முருங்கைக்கும் இரண்டு நிமிடம். தேங்காய்த் துருவலுக்குக் கொதிநீர் தேவையில்லை, ஒரு வேளை அளவாகப் பிரித்து உறைய வைத்தால் இரண்டு மாதம். கீழே ஃபிரிட்ஜில் மூன்று நாள்தான். சுரை, புடலை, வெள்ளரியை ஃப்ரீசரில் போடாதீர்கள், எடுக்கும்போது தண்ணீரும் சக்கையும்தான் இருக்கும்.

வாரத்தின் வரிசை

வாங்கும்போதே வரிசை போட்டுக்கொண்டு வாங்குங்கள். வாழைப்பூ, பீர்க்கை திங்கட்கிழமைக்கு. கீரை, வெண்டை செவ்வாய்க்கு. காலிஃபிளவர் புதன், பீன்ஸோ அவரையோ வியாழன். கோஸ், கேரட், முருங்கைக்காய் சாம்பார் எல்லாம் வெள்ளிக்கு. டப்பா மூடியில் ஒட்டுத்தாளில் நாளை எழுதி ஒட்டினால் வீட்டில் யார் எடுத்தாலும் சரியானதை எடுப்பார்கள்.

நறுக்கிய காயில் ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தால் அந்த டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள், ஒன்றோடொன்று உரசித்தான் இருந்திருக்கும். வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். நறுக்கிய காய் ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் திரும்ப உள்ளே வைக்காமல் உடனே சமைத்துவிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான்.

சனிக்கிழமை இரவு காய்கறி டிரே காலியாக இருக்கும். அதை வெளியே இழுத்து, சோப்பு போட்டுக் கழுவி, மூலையில் ஒட்டியிருக்கும் பழைய இலையைச் சுரண்டி எடுத்து, கவிழ்த்து வையுங்கள். ராத்திரி முழுக்கக் காய்ந்த டிரேயில்தான் ஞாயிறு வாங்கிய காய் போக வேண்டும்.